இருநூற்றுப் பதினாலாம் வில்லை

பேருந்துச் சீட்டிலோ ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டிலோ இருநூற்றுப் பதினாலு என்ற எண் வந்தால் இன்றைக்கும் அந்த வேளை எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் கேட்டால் வாயுத் தொல்லை என்பேன். இந்த வயதில் வாயுவின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்பிவிடுகிறார்கள்.

யுத்த காலம் அது. சேலத்தில் ஒரு நூல் மில்லின் வாசல் ஆபீசில் நான் குமாஸ்தா. என் சன்னலை ஒட்டிய சுவரில் பெரிய பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக எண் பொறித்த பித்தளை வில்லைகள். காலையில் சங்கு ஊதுமுன் ஆட்கள் தத்தம் வில்லையை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள், சாயங்காலம் மாட்டிவிட்டுப் போவார்கள். வேலைக்கு எடுப்பது சுலபம். மேஸ்திரி ஊர்ப் பக்கமிருந்து ஆளைக் கூட்டி வருவார், மேனேஜர் தலையை ஆட்டுவார், நான் ஒரு வில்லையைக் கொடுப்பேன். நிறுத்துவது அதைவிடச் சுலபம். சாயங்காலம் மேனேஜர் எண்ணைச் சொல்வார், நான் வில்லையைக் கழற்றி இழுப்பறைக்குள் போடுவேன். மறுநாள் வருகிற ஆள் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. சண்டை சச்சரவே கிடையாது என்று மேனேஜருக்கு அதில் ரொம்பப் பெருமை. மனுஷருக்கு ஆட்களின் முகம் தெரியாது, எண்தான் தெரியும்.

இருநூற்றுப் பதினாலு எடப்பாடிப் பக்கத்துக்காரி. நூல் கிடைக்காமல் ஊரில் தறிகள் நின்றுபோகவே, புருஷனோடு இங்கே வந்து, நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டும் பகுதியில் சேர்ந்திருந்தாள். புருஷனுக்கு நெஞ்சுச் சளி, எழுந்து நடமாட முடியாது. அவள் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். நிறைமாதத்தில் ஒரு நாள் சன்னலண்டை வந்து நின்றாள். பக்கத்தில் அவள் தங்கை.

"ஏனுங்க சாமி, ஒரு பத்துப் பதினஞ்சு நாளைக்கு எந் தங்கச்சி எம்பட வில்லைய எடுத்துக்கிட்டு வாரட்டுமுங்களா? நானு ஊட்டுல படுத்துட்டா வேற ஆளப் போட்டுருவாங்கொ."

அது எங்கள் மில்லில் வழக்கம்தான். பிரசவம், காய்ச்சல் என்றால் தங்கையோ நாத்தனாரோ அதே வில்லையில் வருவார்கள். மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். நான் சன்னலில் தலையைத் திருப்பிக்கொள்வேன். மேனேஜருக்குத் தெரிந்தால் உள்ளே விட்டவனுக்கும் வேலை போகும்.

"சரி, வரச் சொல்லு" என்றேன், பெரிய தர்மப் பிரபு மாதிரி.

நாலாம் நாள் காலை தங்கை வில்லையை எடுக்கும்போது, "அக்காளுக்குப் பொட்டப் புள்ளைங்க, வெடியால பொறந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ராத்திரியெல்லாம் அக்காள் பக்கத்தில் கண் விழித்தவள். மத்தியானம் நூல் மூட்டையில் சாய்ந்து அசந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்தா மேனேஜர் சுற்றி வர வேண்டும்? அவர் எழுப்பக்கூட இல்லை. மடியில் கிடந்த வில்லையின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் என்னிடம் எண்ணைச் சொன்னார். கழற்றினேன்.

பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் அக்காள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆட்பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். அன்றைக்கு நான் பிள்ளை பெற்றுக் கிடந்தேன் என்று அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவளுக்கு நியாயம் கிடைக்கிறதோ இல்லையோ, நான் தொலைந்தேன். எனக்கும் வீட்டில் நாலு பேர்.

மேனேஜர் பதிவேட்டைப் பார்த்தபடியே கேட்டார். "அன்னிக்குத் தூங்கினது நீதானே?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நானேதானுங்க. தெரியாமக் கண்ணசந்துட்டனுங்க. இந்த ஒருக்கா பொறுத்துக்கோணுமுங்க."

அவள் மாராப்பு நனைந்திருந்தது. வீட்டில் குழந்தை அழும் நேரமாக இருக்கும், பால் சுரந்துவிட்டது. மேனேஜர் தலையை ஒரு தடவை நிமிர்த்தியிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். நிமிர்த்தவில்லை. எனக்கு வாய் இருந்தது. நானும் திறக்கவில்லை. அதற்குப் பயம் என்று பெயர், வேறு பெயர் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

"தூங்கற ஆள் வேண்டாம்" என்றார் மேனேஜர்.

பிற்பாடு எனக்குப் பேத்தி பிறந்தபோது, மகள் படுத்திருந்த அறைக்குள் ஒரு மாதம் நான் போகவில்லை. அந்தப் பால் வாடை என்னால் தாங்க முடியவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று மகள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும்.

அன்று மேனேஜர் அறையிலிருந்து வெளியேறியவள் பின்னாலேயே வாசலுக்கு ஓடி, "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்களையும் தொறத்தீருவாங்கொ சாமி. அப்பறம் நாளைக்கு இன்னொரு புள்ளத்தாச்சி வந்து நின்னா, அந்தச் சன்னல்ல ஆருங்க தலையத் திருப்பிக்குவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. மாராப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. எடப்பாடிக்கே திரும்பிவிட்டதாக மேஸ்திரி சொன்னார். குழந்தை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அந்த வில்லையைப் புதிதாக வந்த ஒருத்திக்குக் கொடுத்தேன். தினமும் காலையில் அந்த ஆணியின் பக்கம் ஒரு கை நீளும்போதெல்லாம், நனைந்த மாராப்போடு அவளே வந்து நிற்பதாகத் தோன்றும். நிமிர்ந்தால் வேறு முகம்.

அடுத்த வருஷம் அந்தப் புதியவளும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சன்னலண்டை வந்தாள். கூட நாத்தனார். வார்த்தை மாறாமல் அதே கேள்வி.

"அதெல்லாம் இங்க வழக்கமில்லை" என்றேன்.

அவள் வராத மூன்றாம் நாள் மேனேஜர் எண்ணைச் சொன்னார். கழற்றி இழுப்பறைக்குள் போட்டேன். அந்தச் சன்னலில் அப்புறமும் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்திக்குக்கூடத் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.