செல்லக்கண்ணுவின் முழங்கால்

செல்லக்கண்ணு இறந்த மறுநாள் கூட்டுரோடு பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் மூன்று பிழைகள் இருந்தன. வயது எழுபது என்று போட்டிருந்தார்கள், அறுபத்தெட்டுதான். ‘சின்னத்திரைப் புகழ்’ என்று போட்டிருந்தார்கள். அவர் தொலைக்காட்சியில் வந்தது மொத்தம் ஒன்பது நாள், ஒரு நாளைக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் இல்லை. மூன்றாவது பிழை, பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் இருந்த ‘திருந்திய’ என்ற சொல். முதல் இரண்டையும் அச்சகத்தின் தலையில் போட்டுவிடலாம். மூன்றாவது ஊரின் தலையில் விழ வேண்டியது.

அவர் 1943இல் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1974இல் கப்பலேறி, ராமேஸ்வரம் வழியாக இந்த மலைக்கு வந்தார். கேத்திக்குக் கீழே ஒரு தனியார் எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தார். 1999 கடைசியில் தேயிலை விலை சரிந்தபோது எஸ்டேட்டைப் பூட்டினார்கள். தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். அப்போது எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்துக்கு எடை போட ஓர் ஆள் தேவைப்பட்டது. 2000 ஜனவரி 3, திங்கட்கிழமை, அவர் வேலையில் சேர்ந்தார். வேலையோடு எடைக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. அவரும் மனைவி பங்கஜமும் அதில் குடியேறினார்கள். வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அறையும் போகும். அந்த வயதில் இந்த மலையில் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

கொட்டகை வேலை எளிது. ஊரார் பறித்த பச்சை இலையைச் சாக்கில் கொண்டுவருவார்கள். செல்லக்கண்ணு அதைத் தொங்கு தராசின் கொக்கியில் மாட்டி, முள் நின்றதும் எடையைச் சத்தமாகச் சொல்வார். சங்கத்தின் கணக்கு எழுதுகிற நான் அதைப் புத்தகத்தில் எழுதுவேன். சாயங்காலம் பேக்டரி லாரி வந்து ஏற்றிப்போகும். அங்கே மறுபடியும் எடை போடுவார்கள். பறித்த இலை வழியில் காயும். ஆகவே நூறு கிலோவுக்கு ஒரு கிலோ அங்கே குறையும். செல்லக்கண்ணுவின் முதல் பதினேழு மாதங்களிலும் அது ஒரு கிலோவாகவே இருந்தது. எடை போடுகிறவன் திருட நினைத்தால் வழி ஒன்று உண்டு: தொங்கும் சாக்குக்கு அடியில் முழங்காலை லேசாக முட்டுக் கொடுப்பது. முள் இரண்டு கிலோ இறங்கிவிடும். பக்கத்து ஊர்களில் இது நடந்திருக்கிறது. எங்கள் கொட்டகையில் நடந்ததில்லை.

2001 பிப்ரவரி 19ஆம் தேதி ‘நாலு மலை நாயகி’ என்ற மெகா தொடரின் படப்பிடிப்புக் குழு எங்கள் கொட்டகைக்கு வந்தது. கதையில் ஏழைகளின் இலையை எடையில் கொள்ளையடிக்கும் ஒருவன் வருகிறான். அந்த வேடத்துக்கென்று சென்னையிலிருந்து அழைத்துவரப்பட்ட நடிகரை மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஒன்றுவிடாமல் விசாரித்திருந்தன. அவர் வேனில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். டைரக்டரின் கண் செல்லக்கண்ணுவின் மேல் விழுந்தது.

“பெரியவரே, சாக்குக்கு அடியில முழங்காலக் குடுங்க.”

“அப்படிக் குடுத்தா நெறை கொறைஞ்சு போயிருமுங்களே, தொரை.”

“குறையணும். அதுக்குத்தான் குடுக்கச் சொல்றேன்.”

“அப்ப கொறைஞ்சதை யாரு பேருல எழுதறதுங்க?”

“யாரும் எதுவும் எழுதப் போறதில்ல பெரியவரே. நடிப்பு!”

பதினொரு முறை எடுத்தார்கள். பத்து முறையும் முழங்கால் சாக்கின் அருகே போய், சூடு பட்டதுபோல் திரும்பிவிட்டது. பதினொன்றாவது முறை அவர் நாலு பக்கமும் கலவரத்தோடு பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முட்டுக் கொடுத்தார். “பிரமாதம்! பழகின திருடனோட முழி!” என்று டைரக்டர் கை தட்டினார். இருபத்தேழு வருடம் நேர்மையாக வேலை பார்த்தவனின் முழி அது.

அன்று காலை பதினொன்றேகால் மணிக்கு இன்னொன்றும் நடந்தது. தொடரில் ராஜரத்தினம் முதலாளி என்று ஒரு பாத்திரம் உண்டு. ஏழை அழுதால் தானும் அழுகிற எஸ்டேட் முதலாளி. அந்த வேடம் கட்டிய நடிகருக்குப் பங்கஜம் டீ கொண்டுபோய்க் கொடுத்தார். டீ ஆறியிருந்ததாம். நடிகர் டம்ளரைப் பங்கஜத்தின் காலடியில் வீசி, நான் இங்கே எழுத விரும்பாத ஒரு வார்த்தையும் சொன்னார். பார்த்தவர்கள் பதினேழு பேர். அவர்கள் பெயரை அன்றே எழுதி வைத்தேன். எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது, எழுதுவது பழக்கம். அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ராமாத்தாளின் சேலையில் அந்த டீ தெறித்தது. ஆகையால் அவர் பெயர் முதலில் இருந்தது.

மே 14, திங்கட்கிழமை, இரவு ஏழரை மணிக்குச் செல்லக்கண்ணுவின் காட்சி வந்தது. சங்கத் தலைவர் பரமசிவனின் மளிகைக்கடை டிவி முன்னால் இருபத்துமூன்று பேர். செல்லக்கண்ணுவும் பங்கஜமும் குளித்து, திருநீறு பூசி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு விதவைத் தாயின் சாக்கு கொக்கியில் தொங்கியது. முழங்கால் உயர்ந்தது. முள் இறங்கியது. தாய் கதறினாள். ராமாத்தாளும் விதவை. முந்தானையால் கண்ணைத் துடைத்தவர், திரும்பிச் செல்லக்கண்ணுவைப் பார்த்தார்.

“ஏப்பா, புருசன் இல்லாதவ இலையில போயா முழங்காலக் குடுப்ப?”

“அது படமுங்க, அக்கா.”

“படத்துலயே இப்படிச் செய்யறவன் நேர்ல சும்மா இருப்பியாக்கும்!”

யாரும் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. இரண்டு வருடமாக விலை ஏன் விழுந்தது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தோம். ஏலக்காரன் என்றார்கள், டெல்லி என்றார்கள், ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். இவர்களில் எவரையும் கொட்டகைக்குக் கூட்டிவந்து கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. செல்லக்கண்ணுவின் காலைப் பார்க்கலாம். காலை எட்டு மணிக்கே பார்க்கலாம்.

மறுநாள் பார்த்தார்கள். ராமாத்தாள் சாக்கை மாட்டச் சொல்லிவிட்டுக் கொக்கிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, முழங்காலையே கவனித்தார். முள்ளைப் பார்க்கவேயில்லை. மூன்றாம் நாள் பரமசிவன் தராசிலிருந்து நாலடி தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். சாக்கை மாட்டியதும் செல்லக்கண்ணு கோட்டுக்குப் பின்னால் போய் நின்று எடை படிக்க வேண்டும் என்று உத்தரவு. ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு நாலடி தூரத்தில் முள் மங்கலாகத்தான் தெரியும். மே 24, 25 தேதிகளில் மூன்று முறை இருபத்தெட்டை இருபத்துமூன்று என்று படித்தார். மூன்றையும் நானே எழுந்து போய்ப் பார்த்துச் சரி செய்தேன். ஊருக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. அதுவரை பிழையே செய்யாதவரைப் பிழை செய்யும் இடத்தில் நிறுத்தி, பிழை செய்கிறார் என்று கண்டுபிடித்தார்கள்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். மே 17ஆம் தேதி, செல்லக்கண்ணு சாப்பிடப் போனபோது, என் தோட்டத்துச் சாக்கை நானே மாட்டி மறுபடி எடை போட்டேன். வித்தியாசம் இல்லை. இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினால், பங்கஜம் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாக்கையும் என்னையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டம். பதினேழு மாத எடைப் புத்தகத்தையும் பேக்டரிச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் படித்தேன். பரமசிவன் பொறுமையாகக் கேட்டார்.

“புஸ்தகம் எல்லாம் சரீங்க, ஐயா. ஆனா நாங்க கண்ணால பாத்தமுங்களே.”

“எங்கே பார்த்தீர்கள்?”

“டிவியிலதானுங்க.”

“அந்த டிவியில் நல்லவராக வருகிறவர் இங்கே என்ன செய்தார் என்பதையும் கண்ணால் பார்த்தீர்களே. ராமாத்தாளம்மா, உங்கள் சேலையில் டீக்கறை போய்விட்டதா?”

“அதை விடுங்க, ஐயா. குளுருக்கு அவருக்கு ஒடம்பு சேரலீங்க. பாவம், எத்தன பேரு கஷ்டத்தைத் தலையில தாங்கறாரு அந்த மனுசன்! கோவம் வராதுங்களா?”

முப்பத்தொரு கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். செல்லக்கண்ணுவுக்கு வேலை இல்லை. அறையை ஆகஸ்டு 15க்குள் காலி செய்ய வேண்டும். சுதந்திர தினத்துக்குக் கொட்டகைக்கு வெள்ளையடிக்கிறார்களாம். அவர் இடத்தில் பரமசிவனின் மைத்துனர் ரமேஷ்குமார் நியமிக்கப்பட்டார். தகுதியை ராமாத்தாளே சொன்னார்: “மொகத்தைப் பாருங்க, அப்படியே ராஜரத்தினம் மொதலாளி களை!”

களையான முகம் வந்த பிறகு எங்கள் இலைக்கு ஓர் அதிசய குணம் வந்தது. கொட்டகையில் நூறு கிலோவாக இருந்த இலை, பேக்டரிக்குப் போய்ச் சேரும்போது நூற்றுநான்கு ஆனது. பறித்த இலை லாரியில் நின்றபடியே வளர்ந்தது தேயிலை வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். கூடிய எடை ரமேஷ்குமாரின் சிநேகிதர் பாலு என்பவர் பெயரில் போய்ச் சேர்ந்தது. பாலுவுக்குத் தேயிலைச் செடி கிடையாது. ஒரு சைக்கிள் உண்டு. பரமசிவனிடம் புத்தகத்தைக் காட்டினேன். “மழைக்காலமுங்க ஐயா, இலை தண்ணி குடிச்சிருக்கும்,” என்றார். ரமேஷ்குமார் நாலடிக் கோட்டுக்குப் பின்னால் நிற்கவில்லை. அவர் முழங்காலை யாரும் பார்க்கவும் இல்லை.

ஜூன் 21ஆம் தேதி பங்கஜம் என்னிடம் வந்தார். “அன்னிக்கு டம்ளர் வீசினானே, பாத்தவங்க பேரு எழுதினீங்களாமே. அந்தக் காகிதத்தக் குடுங்கய்யா,” என்றார். காகிதத்தை வாங்கிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு கூட்டுரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். தொடர் மேனேஜர் கொடுத்துவிட்டுப் போன நம்பரைச் சுழற்றினார். மேனேஜரின் குரல் பூத்துக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

“தம்பி, என் வீட்டுக்காரரத் திருத்திவிடுங்க.”

“யாரும்மா நீங்க? ஓ, எடைக்காரர் வீடா! அம்மா, அந்த கேரக்டர் சூப்பரா பிக்கப் ஆயிருக்கு. இன்னும் கெட்டவனாக்கலாம்னு பேசிட்டிருக்கோம்.”

“இதுக்கு மேல கெட்டாருன்னா நாங்க ரோட்டுலதான் படுக்கணும். ஒங்க மொதலாளி வேசக்காரரு எங்காலுல டம்ளர் வீசினாரில்ல, பாத்தவங்க பதினேழு பேரு. தேதி, மணி, பேரு எல்லாம் போட்டு இங்க ஒரு பெரியவரு எழுதி வெச்சிருக்காரு. நாளைக்குக் குன்னூரு பேப்பர்காரங்ககிட்டக் குடுக்கட்டுமா? இல்ல, நீங்க இவரத் திருத்துறீங்களா?”

ரிசீவரைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்கிற சத்தம் வந்தது. பிறகு மேனேஜர், “அம்மா, நான் டைரக்டர்கிட்ட பேசறேன். அந்தப் பேப்பர் பத்திரம்,” என்றார்.

அந்தப் பதினேழு பேரும் கேட்டால் குளிர் என்று சொல்லிவிடுவார்கள் என்பது சென்னைக்குத் தெரியாது. என் எழுத்து ஒரு காரியத்துக்கு உதவியது என் வாழ்நாளில் அன்றுதான், அதுவும் மிரட்டலுக்கு.

ஜூலை 16, 17 தேதிகளில் குன்னூரில் செல்லக்கண்ணு மறுபடி நடித்தார். ஆகஸ்டு 9, வியாழக்கிழமை, அது ஒளிபரப்பானது. திரையில் அவர் அந்த விதவைத் தாயின் காலில் விழுந்து, கையால் தன் முழங்காலில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு அழுதார். ராஜரத்தினம் முதலாளி அவரைத் தூக்கி நிறுத்தி மன்னித்தார். மளிகைக்கடை முன்னால் ஒருவர் கண்ணும் உலரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெண்கள் இலைச் சாக்குகளோடு வந்து, அவற்றைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். எடை போடக் கொடுக்கவில்லை.

“திருந்தின மனுசனை நடுத்தெருவுல உட்டா சாமிக்கே அடுக்காதுங்க, தலைவரே,” என்றார் ராமாத்தாள். “மொதலாளியே மன்னிச்சுப்போட்டாரு. நீங்க யாரு?”

பரமசிவன் செல்லக்கண்ணுவைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். ரமேஷ்குமாரின் சிறந்த சேவையைப் பாராட்டி ஞாயிறன்று ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ‘சிறந்த’ என்ற சொல்லை நான் எழுதவில்லை; பரமசிவன் தன் பேனாவால் சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, ஆகஸ்டு 13, காலை எட்டு மணி. செல்லக்கண்ணு கொட்டகைக்கு வந்தார். அறைக்குள் பங்கஜம் பாத்திரங்களைக் கட்டி வைத்த மூட்டைகள் அப்படியே இருந்தன. கொக்கியில் கை வைக்கப் போனவரை ராமாத்தாள் தடுத்தார்.

“எல்லாரு முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடு, செல்லக்கண்ணு. இனி முழங்காலக் குடுக்க மாட்டேன்னு.”

“நான் எப்பங்க அக்கா குடுத்தேன்?”

“பாத்தீங்களா, மறுபடியும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்லக்கண்ணு என்னைப் பார்த்தார். என் முன்னால் புத்தகம் திறந்திருந்தது. அதில் அவர் குற்றமற்றவர் என்பதற்குப் பதினேழு மாத ஆதாரம் இருந்தது. அதை ஏற்கெனவே ஒரு முறை படித்தாகிவிட்டது. அவர் அறைப் பக்கம் திரும்பினார். வாசலில் பங்கஜம் ஒரு மூட்டையின் முடிச்சில் கை வைத்தபடி நின்றிருந்தார், அவிழ்ப்பதா இழுத்துக் கட்டுவதா என்று காத்துக்கொண்டு.

“இனிமே குடுக்க மாட்டேனுங்க,” என்றார் செல்லக்கண்ணு.

பங்கஜம் முடிச்சை அவிழ்த்தார். “அதுதாஞ் சாமி பெரிய மனசு,” என்றார் ராமாத்தாள். “தப்பே செய்யாதவனாட்டம் இருந்துட்டுப் போறது யாருக்கும் ஆகும். செஞ்சுபோட்டுத் திருந்தறது லேசுங்களா?” சுண்ணாம்புக் கோட்டை அவரே தென்னை விளக்குமாற்றால் கூட்டிவிட்டு, தன் சாக்கை முதல் ஆளாக மாட்டச் சொன்னார். இருபத்தொன்பது கிலோ.

அதன் பிறகு செல்லக்கண்ணு பத்து வருடம் எடை போட்டார். போஸ்டரில் போட்ட பெயர்தான் ஊரில் அவருக்கு நிலைத்தது. அவர் திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பேக்டரிச் சீட்டு வந்ததும் நான் புத்தகத்தில் எழுதியது இது: மே 14க்கு முன், வழிக்குறைவு நூற்றுக்கு ஒரு கிலோ. ஆகஸ்டு 13 அன்று, நூற்றுக்கு ஒரு கிலோ. குறிப்பு என்ற கட்டத்தில், திருந்தியதால் எடையில் மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.