ஒட்டுக்கால்

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள், கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு ஒரு பூச்சியை வெளியில் நாள் தவறாமல் கவனிக்க வேண்டும். பிறகு அதையே கொன்று, ஊசி குத்திப் பெட்டியில் வைத்துக் காட்ட வேண்டும். நேரில் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக் கதை அளந்தது தெரிந்தால் பெயில்.

நான் எடுத்துக்கொண்டது எருக்கு வெட்டுக்கிளி. வண்ணார்பேட்டை ஆற்றங்கரைப் புதரில் நிறைய இருந்தன. விரல் நீளம், மஞ்சள் உடம்பில் நீலப்பச்சைக் கோடுகள். வேறு வெட்டுக்கிளியோடு குழப்பவே முடியாது. ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிப்பதும் கஷ்டம். என்னுடையதற்கு ஒரு பின்னங்கால் இல்லை. அதுதான் அடையாளம்.

வெயில் ஏறும்வரை அது அசையாது என்பதால் காலையிலேயே போய்விடுவேன். மற்றவை தாவும். இது ஏறும், விழும், மறுபடி ஏறும். மணலுக்குள் வயிற்றை நுழைத்து முட்டையிட்டபோதும் சாய்ந்து சாய்ந்துதான் இட்டது. கல்லூரியில் இருந்த அத்தனை பேரையும்விட எனக்கு அதைப் பிடித்திருந்தது.

குளோரோஃபார்ம் புட்டிக்குள் அது லேசில் சாகவில்லை. ஒருவழியாகச் செத்ததும் எங்கள் பேராசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

“இதென்னட்டி, மொண்டி? வெளியூர்ல இருந்து ஆள் வருதாரு. பூச்சி முழுசா இருக்கணும்லா. இன்னொண்ணப் பிடிச்சு, காலைப் பிச்சு ஒட்டு.”

எங்கள் துறையில் இது வழக்கம்தான். அலமாரியில் இருந்த பாதிப் பூச்சிகள் அடுத்ததன் மீசையோடு நின்றன. ஒரு காலுக்காக இன்னொரு வெட்டுக்கிளியைக் கொன்றேன். மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். பசையைக் குண்டூசி முனையில் தொட்டு, மூட்டோடு மூட்டுப் பொருத்தி ஒட்டினேன். எனக்குக் கைவேலை நன்றாக வரும்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அழகா இருக்கு. தினமும் பார்த்தது இதே பூச்சிதான்னு எப்படிம்மா சொல்றே?”

“அதுக்கு ஒரு பின்னங்கால் கிடையாது, சார்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் லென்ஸை எடுத்துக் குனிந்தார். பென்சில் நுனியால் இரண்டு பின்னங்கால்களையும் தொட்டார். ஒட்டுக்கால் அசையவில்லை.

“ரெண்டும் இருக்கே. நீ ஒருநாளாவது அங்க போனியா?”

பேராசிரியையைப் பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றார். என் பெட்டியை மெதுவாக மூடினார்.

“எனக்கு அப்பமே சந்தேகம்தான், சார்” என்றார்.