சலீம் பாயின் பச்சைத் துளிகள்

போன வாரம் சலீம் பாய் என் முன்னால் தன் போனை நீட்டினார். திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி வாக்கிங் முடித்து, டீக்கு உட்கார்ந்திருந்தோம்.

"வாத்தியாரே, இதுல வரிசையா உங்க பேரா வருது... என்னன்னு படிங்க. எனக்கு இன்னும் எழுத்து சரியாப் பிடிபடல."

எனக்கு நன்றாகவே பிடிபட்டது.

எங்கள் வாக்கிங் குழுவில் எல்லோரிடமும் ஓர் ஆப் இருக்கிறது. நடந்தால் திரையில் பச்சைத் துளிகள் சேரும். மறுநாள் விடிந்ததும் தொட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். போதுமான துளி சேர்ந்தால், கென்யாவில் காடு அழிந்த மலைச்சரிவு ஒன்றில் நம் சார்பில் ஒரு கன்று நடுவார்கள். நாம் சொல்கிற பெயரை வைப்பார்கள்.

ஒரு வில்லங்கம் உண்டு. எடுக்காமல் விட்ட துளியை நண்பர்கள் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டு சுவாரஸ்யமாக இருக்க வேண்டுமாம்!

பாய் தோல் வியாபாரம் பார்த்தவர். மனைவி இறந்துவிட்டார். "பாத்திமா மவுத்தான நாள் வருதுல்ல... அதுக்குள்ள அவ பேர்ல ஒரு மரம் வச்சிரணும்" என்று மூட்டுவலியோடு நடந்தார். இடையில் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடியோடு, சட்டைப்பையில் போனோடு, நடை தொடர்ந்தது. போனைப் பார்க்கத்தான் டாக்டர் விடவில்லை.

எடுக்க ஆளில்லாமல் அவர் துளிகள் திரையில் தொங்கின. நான் எடுத்தேன். ஒரு நாள் அல்ல — அவர் கண் தெளியும்வரை தினமும்.

ஏன்? குழுப் பட்டியலில் முதலிடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். கல்லூரியில் காப்பியடித்த பையன்களைப் பிடித்தே பெயர் வாங்கியவன் நான். இப்போது கென்யாவில் ஒரு கன்று நிற்கிறது, என் பெயரில். பாத்திமாவின் நினைவு நாள் மரமில்லாமலே கடந்துவிட்டது.

"நான்தான் எடுத்தேன் பாய். தெரிஞ்சேதான் எடுத்தேன்" என்றேன்.

பாய் டீயை ஆற்றினார்.

"கள்ளன் ஓட்டப் பிரிச்சு வருவான்னு கேள்விப்பட்டிருக்கேன்... போனப் பிரிச்சு வந்தது நீங்கதான்!" சிரித்தார். "விடுங்க. எங்கிட்டாச்சும் ஒரு மரம் நின்னாச் சரி. பாத்திமா இருந்தா, அம்புட்டையும் வாத்தியாருக்கே குடுத்துருங்கன்னு சொல்லியிருப்பா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மரத்தின் பெயரை மாற்ற முடியுமா என்று தேடினேன். ஆப்பில் அந்த வசதி இல்லை.

ஆப் செய்தவர்கள் நம்மைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள். தெருவில் ஒரு கன்று நடக் கூப்பிட்டால் வெயில் என்போம், முதுகுவலி என்போம். அடுத்தவன் துளியை எடுக்கலாம் என்றால்... அலாரம் வைத்து எழுவோம். காடு எப்படியோ வளர்ந்துவிடும். நாம்?

இப்போது என் துளிகளை எடுக்காமல் விட்டுவைக்கிறேன், பாய் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவர் தொடுவதில்லை. யாரும் எடுக்காமல், சாயங்காலத்துக்குள் அவை காலாவதியாகி மறைந்துவிடுகின்றன.

பாய் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் தன் துளிகளை எடுக்க, இப்போதெல்லாம் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார்.