ஒரு கை பொக்கற்றுக்குள்

வால்வு அம்பிளிபயர் திருத்துகிறவனுக்குக் கடவுள் இரண்டு கை கொடுத்தாலும் தொழில் ஒன்றைத்தான் அனுமதிக்கும். இந்தச் சூடான கண்ணாடிக் குழாய்களோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் என் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. அதற்கு ஆபத்து வந்தது. என் மனைவி சுகந்தி கணித ரீச்சர். ரியூஷன் வகுப்புக்கு அந்த அறை வேண்டும் என்றாள். நானே கட்டிக்கொண்டிருந்த அம்பிளிபயரோ பாடுவதற்குப் பதிலாக உறுமிக்கொண்டிருந்தது. "பள்ளிக்கூடம் துவங்க முந்தி அது இரையாமப் பாடினா அறை உங்களுக்கு. இல்லாட்டி நீங்கள் பின் குசினிக்கு" என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டிச் சொல்லிவிட்டாள்.

சும்மா கிடக்கிற கை

கல்யாண வீடுகளில் பைலாப் பாட்டு வாசிக்கும் ரபீக், கிண்ணியாவிலிருந்து தன் கிற்றார் அம்பிளிபயரைக் கொண்டுவந்தார். நான் மூடியைக் கழற்றி, இடது கையைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். இவ்வளவு அலட்சியமா என்பது போலப் பார்த்தார்.

விளக்கினேன். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே கப்பாசிற்றர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு கையும் உள்ளே போனால், அது ஒரு கையால் ஏறி நெஞ்சு வழியே மற்றக் கையால் இறங்கும். ரபீக் தலையாட்டிக் கேட்டார்.

"ஓம் அண்ணன், விளங்குது. சும்மா கிடக்கிற கையால ஒரு தேத்தண்ணியாவது ஊத்தித் தாங்களன்."

உயர வரிசை

மூதூர் நெல் வியாபாரி ஒருவர் பழைய இசைத்தட்டுப் பெட்டியோடு வந்தார். வழியில் உடையக்கூடாதென்று வால்வுகளைக் கழற்றித் துவாயில் சுற்றி வந்தவர், என் வாசலில் வைத்துத் தானே திரும்பப் பொருத்தினார். கல்யாணப் படத்துக்கு நிற்பாட்டியது போல, உயர வரிசையில். வால்வின் அடியிலுள்ள கம்பிக் கால்களின் எண்ணிக்கை துளைகளோடு ஒத்துப்போன இடமெல்லாம் ஆள் மாறியிருந்தது. நல்ல காலம், சுவிட்சைப் போடுமுன் பார்த்தேன்.

"எல்லாம் வால்வுதானே?" என்றார். அவருக்குத் தெரிந்த குளத்தைக் கொண்டே சொன்னேன். வால்வுக்குள் இருக்கும் கம்பிவலை, குளத்துத் தண்ணீரைத் திறந்து மூடும் துருசுக் கதவு மாதிரி. கதவைக் கொஞ்சம் ஆட்டினால் வாய்க்கால் தண்ணீர் முழுக்க ஆடும். இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மெல்லிய சத்தம் சின்ன வால்வின் கதவை ஆட்ட, சின்னது பெரியதன் கதவை ஆட்ட, பெரியது ஸ்பீக்கரைத் தள்ளுகிறது. அவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"சின்னது சொல்லப் பெருசு கேக்குதோ? எங்கட வீட்டில ஒருநாளும் நடக்காத கதை!"

இரைச்சல் வேணும்

சல்லிக் கிராமத்து மீனவர் சிவராசாவின் பாட்டுப் பெட்டியில் பழுதான கப்பாசிற்றரை மாற்றி, இரைச்சலை அடியோடு நிறுத்திக் கொடுத்தேன். அடுத்த நாளே பெட்டியோடு வந்து நின்றார். போட்டுக் காட்டினேன், பாட்டு தெளிவாக வந்தது. ஆனால் பாட்டில்லாத நேரம் பெட்டி ஊமையாகக் கிடக்கிறதாம். என்னிடம் வேண்டாத இரைச்சல் ஒன்று இருந்தது. கழற்றிக் கொடுக்க வழியிருந்தால் கும்பிட்டுக் கொடுத்திருப்பேன்.

"கடலே இரைஞ்சுகொண்டுதானே கிடக்கு, தம்பி. இரையாட்டி அது செத்துப்போச்செண்டுதானே நினைப்பம்?"

தீர்ப்பு

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்தின நாள். என் அம்பிளிபயர் இன்னும் உறுமியது. மூதூர்க்காரரின் சின்னது பெருசுக் கேள்வி நினைவுக்கு வர, முதலில் நிற்கும் சின்ன வால்வைத் துணியால் பிடித்துப் பிடுங்கினேன். உறுமல் நின்றது! அப்படியானால் பெரியவர் குற்றவாளியல்ல. சின்னவரின் காதில்தான் யாரோ ஓதுகிறார்கள். பார்த்தால், வால்வுகளைச் சூடாக்கும் இரண்டு கம்பிகளும் பின்னாத தலைமயிர் போல, அவரது கதவுக் கம்பியை ஒட்டிக் கிடந்தன. சுவிட்சை நிற்பாட்டி, கப்பாசிற்றரிலிருந்த மின்சாரத்தையும் இறக்கிவிட்டு, இரண்டையும் சேர்த்து முறுக்கி, ஓரமாகத் தள்ளிப் பற்றவைத்தேன். வால்வைத் திரும்பச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். துளி இரைச்சல் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுகந்தியைக் கூப்பிட்டு, அதில் ஒரு மைக்கைப் பூட்டிக் கொடுத்தேன். வருஷக்கணக்காக வகுப்பில் கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்த குரலில், "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றாள். அறை முழுக்கக் கேட்டது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அறை தப்பியது என்று நானும் மலர்ந்தேன்.

"இஞ்சேருங்கோ, இனி நான் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை. இது வகுப்புக்கு இந்த அறையிலயே இருக்கட்டும். நீங்கள் குசினிக்குப் போங்கோ."

இப்போது பின் குசினியில் ஒரு கையால் வால்வு திருத்துகிறேன். அடுப்பும் பக்கத்திலேயே இருப்பதால், ரபீக் கேட்டபடி, மற்றக் கையால் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றுகிறேன்.