நீல முத்திரை

தெருவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோப்பக்கா என்றால்தான் தெரியும். கூலிக்குத் துணி துவைப்பவள், கண்ணில் பட்ட எதையும் துவைக்காமல் விடமாட்டாள். "இவ கையில சிக்கினா நிலாவையும் ஊறப்போட்டுடுவா" என்பார் புருஷன். இப்போது அதைச் சொல்லிச் சிரிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

செம்பெல்லாம் போருக்குத் தோட்டாவாகப் போக, சில்லறைக்குப் பஞ்சம் வந்தது. மருந்துக்கடைக்காரர் தகரத்தை வட்டமாக வெட்டி, நீல மையில் தன் முத்திரையைக் குத்திக் காசாக விட்டார். அவர் கடையில் மட்டும் செல்லும். அவருடைய வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்ததற்கு சோப்பக்காவுக்குக் கிடைத்ததும் அந்த வில்லைகள்தான். முப்பது சேர்ந்தால் நெஞ்சுச்சளி மருந்து ஒரு புட்டி. அது உள்ளே போனால் ஆள் பிழைப்பார் என்றார் டாக்டர். இரண்டு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள்.

முப்பதும் சேர்ந்த அன்று பார்த்தால், நோயாளியின் தலையணைக்கடியில் கிடந்து ஒரே பிசுக்கு. வெள்ளைக் கோட்டுக்காரர் கையில் இதையா கொடுப்பது? நோய் வீட்டுக் காசு என்று அவர் முகம் சுளித்தால்? துணியில் முடிந்து கொதிக்கிற பானையில் போட்டாள். சலவைச் சோடாவைத் தாராளமாகவே தூவினாள். மைக்கறை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாழாய்ப்போன அந்தக் கைத்திறனை என்னவென்று சொல்ல! முடிச்சைக்கூட அவிழ்க்காமல், ஈரத்தோடு கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றையும் புரட்டினார்.

"என் முத்திரை எங்கம்மா?"

"அழுக்கா இருந்துச்சுங்க. வெளுத்துக் கொண்டாந்தேன்."

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கள்ள வில்லை கொடுத்தே பாதி அலமாரியைக் காலி செய்திருந்தார்கள். "உன்னை நான் நம்புறேன். ஆனா பின்னாடி நிக்கிறவங்க பார்த்துட்டு இருக்காங்க. நாளைக்கு ஊரே தகரத்தை வெட்டிட்டு வந்து நிக்கும்" என்றார். காலில் விழுந்தும் பயனில்லை. மிச்சமிருந்த மூன்று புட்டிகளும் அவள் கண்ணெதிரிலேயே விலைபோயின.

வீட்டில் புருஷன் கையை நீட்டினார். அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஒரு வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நிலாவை ஊறப்போட்டுட்டியா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே இருமல் வந்து பிடுங்கிக்கொண்டது. பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரமும் கோட்டு மூட்டை வந்தது. துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைக்காரர் வில்லைகளை நீட்டியபோது, மை கலைந்துவிடக் கூடாதே என்று ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.