அக்கா பூசிய தேன்

அந்தத் தேனைத் தின்றவள் நான்தான்! ஒரு சொட்டு விடாமல், முழுப் போத்தலையும்...

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே சில நேரம் அடக்க முடிவதில்லை.

பரிமளா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், முகத்தில் பூசவென்று ஒரு போத்தல் தேன் வாங்கி வைத்தாள். எங்கள் லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கும் ராமையா அண்ணனின் தேன். கச்சான் காற்றில் வெடித்துக் கிடந்த கன்னம் மணவறையில் மினுமினுக்க வேண்டுமாம். நானோ எந்நேரமும் ரொட்டியும் கையுமாகத் திரிகிறவள். ஒரு துண்டு தொட்டேன். மறுநாள் இன்னொரு துண்டு... அவள் பூசத் தொடங்கும் முன்பே போத்தல் காலி!

வேறென்ன செய்வேன், சொல்லுங்கள்? டவுன் கடையில் கித்துள் பாணி வாங்கினேன். கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு அது; பார்வைக்குத் தேனேதான். அதே போத்தலில் ஊற்றி, அதே இடத்தில் வைத்தேன். அக்கா கடலைமாவில் குழைத்துக் குழைத்துப் பூசினாள்.

முகம் மின்னியதே, அதைச் சொல்ல வேண்டும்! மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாய் பிளந்தார்கள். பாணியின் வேலையா, பிடித்தவனையே கட்டிக்கொள்ளும் பூரிப்பா? நான் என்னத்தைக் கண்டேன்!

வம்பு அதற்குப் பிறகுதான். அடுத்து ராமையா அண்ணனிடம் வாங்கிய தேனை முகர்ந்ததும் அக்கா முகம் சுளித்தாள். அந்த வாசமும் இல்லை, அந்த நிறமும் இல்லை, இது கலப்படம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் வாய் சும்மா இருக்குமா? பிள்ளைகளின் இருமலுக்குத் தேனும், குதிகால் வெடிப்புக்கு மெழுகும் கேட்டுப் போனவர்கள்கூட அண்ணன் வீட்டுப் பக்கம் போவதை விட்டார்கள். சூதுவாது அறியாத மனிதருக்குக் கள்ளத்தேன்காரர் என்று பெயர்!

போன வாரம் அவரே அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். நானும் அங்கிருந்தேன். என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார்.

"என் தேனு ருசி ஒனக்குத் தெரியுந்தானே பாப்பா. நீயே சொல்லு."

நக்கினேன். ஐயோ... அதே தேன்! அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மாமியார். கல்யாண முகத்தைப் பற்றி இன்றுவரை பெருமை பேசுகிறவளை அவர்கள் முன் எப்படிக் கவிழ்ப்பேன்? அவளுக்காகவா பயந்தேன்... எனக்காகவா?

"முன்ன மாதிரி இல்லண்ணே," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஈக்கள் போகும் பூ மாறிவிட்டதோ என்று யோசித்தபடி போனார். நேற்று, பொழுது சாய்ந்து ஈக்கள் அடங்கியதும், பெட்டிகளை ஆற்றோரத்துக்கு மாற்றத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்காமல் நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

"மத்தவங்கெல்லாம் முதுகுக்குப் பின்னாலதான் பேசுனாங்க. நீ ஒருத்திதான் மொகத்துக்கு நேரா உண்மையச் சொன்ன, பாப்பா," என்றார்.

நான் தலையாட்டினேன்... ஆமாம், தலையாட்டினேன்!