கூட்டாத முற்றம்

ஸுஹைரா முந்தல் ஊரில் இருந்து எங்கள் குறிஞ்சிப்பிட்டிக்கு மருமகளாக வந்த புதிதில், ஊரே அவளுடைய அடக்கத்தைப் புகழ்ந்தது. தெருவில் நடந்தால் தலை நிமிராது. "பொண்ணுண்டா இப்பிடி இரிக்கணும், ஃபர்ஸானா" என்று என் மாமி எனக்குக் குத்திக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் அடக்கத்தில் குனியவில்லை, மணலில் கிடக்கிற காலடிகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள்! ஒருநாள் என் வாசலில் நின்று, "ராத்தா, உங்கட சாம்பல் கோழி பக்கத்து வளவுல களவா முட்டையிடுது" என்றாள். போய்ப் பார்த்தால் ஒரு கூடை முட்டை. அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அவளுடைய வாப்பா இறால் பண்ணையில் காவல்காரர். விடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு வரம்பில் நடந்து, எந்தக் கொக்கு வந்தது, எந்த நீர்நாய் இறங்கியது என்று சேற்றைப் பார்த்துச் சொல்வாராம். அந்தப் பழக்கம்தான் மகளோடு குறிஞ்சிப்பிட்டிக்கும் வந்தது. முன்பள்ளி ஆசிரியைக்குப் படித்து முடித்து, மாமனாரின் வளவில் ஒரு நேசரி தொடங்கினாள். மூக்குத் துடைக்க, கஞ்சி ஊற்ற, முற்றம் கூட்ட என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

முதல் நாளே சண்டை. நான் விடியவே விளக்குமாறும் கையுமாகப் போனேன். ஓடிவந்து பறித்துவிட்டாள்.

"விடியக் கூட்டாத வாசலுக்கு றஹ்மத்து வருமா புள்ள?" என்று கத்தினேன்.

"பின்னேரம் கூட்டித் தண்ணி தெளிச்சு உடுங்க ராத்தா. விடியக் கூட்டினா இண்டைய பாடத்த அள்ளிக் குப்பைல கொட்டினமாதிரி."

பாடமா! பிள்ளைகள் வந்ததும் முற்றத்தைச் சுற்றிக் குந்த வைத்து, "நேத்து ராவு யாரு வந்தாங்க?" என்று கேட்டாள். காகம், நண்டு, பூனை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். "பூனை ஏன் இந்த இடத்துல நிண்டிச்சு?" என்றாள். "அதுக்கு மூத்திரம் முட்டிச்சு" என்றான் நௌஃபர். சிரிப்பு அடங்க எவ்வளவோ நேரம். கடைசியில், நண்டு வீட்டுக் கலியாணத்துக்குப் பூனை அழைக்காமலே வந்து, பிரியாணி கிடைக்காமல் திரும்பிப்போனதாக ஒரு கதை உருவானது. உடனே எல்லோரும் குச்சி, சிப்பி, வெங்காயத் தோல், காகச் சிறகு என்று பொறுக்கிவந்து அந்தக் கலியாணத்தை மணலிலேயே வரைந்தார்கள். கடதாசி கொடுத்தால் எங்கள் ஊர்ச் சோளகக் காற்று அதைக் கற்பிட்டிக்குக் கொண்டுபோய்விடும். அதோடு, "விரல் எழுத முந்தித் தோள் எழுதணும் ராத்தா" என்பாள் அவள். மணலில் கையை வீசி வரைந்தால்தான் எழுத்துக்குத் தோள் பழகுமாம்.

பெற்றோருக்கு இதெல்லாம் விளங்குமா? "எழுதின கொப்பி எங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சனிக்கிழமை ஒரு கண்காட்சி வைத்துக் காட்டுகிறேன் என்று ஸுஹைரா சொல்லிவைத்தாள். அதில் பெரிய சத்தம் ஹிஸ்புல்லாவுடையது. வெங்காயம் ஏற்றும் லொறிக்காரன். என் சாச்சாவின் மகன், எனக்குத் தம்பி முறை, அதனால் அவனைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. அவனுடைய கோபத்தின் வேர் வேறு. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பொண்டாட்டிக்குச் சத்தியம் செய்திருந்தான். ஒரு காலையில் அவன் மகள் இல்மா, ஐந்து வயதுகூட ஆகாத சிட்டு, வீட்டு முற்றத்தைப் பார்த்துவிட்டு, "உம்மா, ஆணி குத்தின செருப்பு கிணத்துக்குப் பின்னால போய் நிண்டிரிக்கி, பக்கத்துல சிகரெட் துண்டு கிடக்கு" என்று வாசித்துவிட்டாள். அறுந்த வாருக்கு ஆணி குத்திய செருப்பு அந்த வீட்டில் ஒன்றுதான். அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் நேசரி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "டீச்சர், சனிக்கிழம கண்காட்சிண்டீங்க. கண்ணுக்கு ஏதாவது காட்டினாச் சரி. இல்லாட்டி திங்கக்கிழம இல்மா ரோட்டடி நேசரிக்குத்தான். என்ட மச்சினிமார்ட புள்ளயளும்தான்."

பாதி வகுப்பு அவனுடைய சொந்தம். அவர்கள் போனால் நேசரிக்குப் பூட்டுத்தான். "மூடவேண்டி வந்தா நான் என்ன செய்வன் ராத்தா?" என்று ஸுஹைரா அழுதாள். "அவன்ட லொறி நடுரோட்டுல நிக்க" என்று வாய் நிறையச் சபித்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு முற்றம் முழுக்க வரைய வைத்தோம். பாசி ஒட்டிய படகு, திமிங்கிலம், சந்தை, காற்றாலை என்று ஆளுக்கொன்று. இல்மா வேலியோர மூலையில் பெரிய பாதங்களோடு ஓர் ஆளை வரைந்து, வெங்காயத் தோலில் சட்டை போட்டாள். நான் மெல்லத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் நான் போட்ட கூச்சலில் ஊரே கூடியது. முற்றத்துக்குள் கழுதைக் கூட்டம்! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். எங்கள் கண்காட்சியின் வாசனை அவற்றுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. படகின் பாசியைத் தின்று, திமிங்கிலத்தின்மேல் புரண்டு, சந்தையை மிதித்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்துக் காதை ஆட்டின. தென்னோலை வேலியில் ஒரு கிடுகு இல்லை, அந்த ஓட்டையால்தான் நுழைந்திருந்தன. விரட்டி முடிக்கும்போது பெற்றோர் உள்ளே வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டையும் பளபளக்கிற சப்பாத்துமாக ஹிஸ்புல்லாவும் வந்தான்.

"இதுதானா டீச்சர் கண்காட்சி?" என்றான். ஆனால் வழக்கமான சத்தம் இல்லை.

ஸுஹைராவின் முகத்தில் இரத்தமே இல்லை. பிள்ளைகளோ வந்த வேகத்தில் வழக்கம்போல் சுற்றிவரக் குந்திவிட்டார்கள். அவளும் அவர்களோடு குந்தினாள். கேட்டாள்: "நேத்து ராவு யாரு வந்தாங்க?"

"கழுத!"

"எத்தன?"

"பெருசு மூணு. குட்டி ஒண்டு!"

"குட்டிக்குக் கால் நோவு டீச்சர், ஒரு கால இழுத்திரிக்கி" என்றான் நௌஃபர். தாய்மார் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது இல்மா எழுந்தாள். "டீச்சர், கழுதைக்கு முந்தி ஒராள் வந்திரிக்கி. இங்க பாருங்க, செருப்புக்கு மேலதான் குளம்பு மிதிச்சிரிக்கி. செருப்பு முந்தி, கழுத பிந்தி."

ஹிஸ்புல்லா சப்பாத்துக் காலை மெதுவாகப் பின்னால் இழுத்தான்.

"ஆணிச் செருப்பு" என்று அவள் குனிந்தபடியே நடந்தாள். "கதவால வந்து, எல்லாப் படத்தயும் சுத்தி, என்ட மூலைக்கு வந்து... முட்டுக்கால் போட்டிரிக்கி, ரெண்டு குழி. பொறகு வேலிக்குப் போயிரிக்கி. பொறகு திரும்பி வந்திரிக்கி."

மூலையில் ஒரு கிடுகு கிடந்தது. அந்தக் களேபரத்தில் அதை யார் கவனித்தோம்? இல்மா அதைத் தூக்கினாள். அடியில் பெரிய பாதத்து மனிதன், வெங்காயத் தோல் சட்டை கலையாமல் படுத்திருந்தான்.

"வாப்பா, நீங்களா மூடினீங்க?"

எனக்கு அடக்க முடியவில்லை. "அட ஹிஸ்புல்லா! கழுதைக்கு வாசல் தொறந்து உட்ட மகராசன் நீதானாடா!" என்றேன். முற்றமே சிரித்தது. ஸுஹைராவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் சிரிக்கவில்லை. "விடிய சுபஹு தொழுதுட்டு வரக்குள்ள சும்மா எட்டிப் பாத்தன் ராத்தா. காத்து அந்தத் தோலத் தூக்கப் பாத்திச்சு. கைக்குக் கிடச்ச கிடுக உருவி மூடினன், ஓட்டய யோசிக்கல்ல" என்றான். பிறகு என் காதுக்கு மட்டும், "என்னய இதுவரைக்கும் ஒத்தரும் வரஞ்சதில்ல" என்றான். அந்தக் கண்களைப் பார்த்ததும் என் சாபத்தை மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளோடு குந்தி, கழுதைக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாமல் ஸுஹைரா இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விடிய இருவரும் போனோம். வேலி ஓட்டையில் புதுக் கிடுகு கட்டியிருந்தது. முற்றத்தில் ஆணிச் செருப்பு வந்துபோன தடம். நாங்கள் கூட்டாமல் மூடிவைத்திருந்த கிடுகு விலகிக் கிடந்தது; அந்தப் பெரிய பாதத்து மனிதனுக்குப் பக்கத்தில், குச்சியால் கோணல்மாணலாக, அவன் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளை.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இல்மா பையோடு ஓடிவந்து அந்தப் படத்தின் பக்கத்தில் குந்தினாள். மொட்டையாக முடிந்த அந்தச் சின்னக் கைக்கு மேலே தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, வெளியே நின்ற தகப்பனுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"வாப்பாக்கு விரல் வரையத் தெரியா டீச்சர். அவரயும் சேத்துக்கோங்க."